பின்சீட்டுப் பேச்சு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி வாருங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது சொல்லப்போகிற விஷயத்தை எட்டு வருஷமாக நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய ஏழு வருஷம் துளிச் சந்தேகம் இல்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் போனில் கேட்டீர்களே, 'உங்கள் வேலையில் எடுத்த கடினமான முடிவு ஒன்றை எங்கள் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்' என்று, அது இதுதான். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், மேடையில் பேசலாமா வேண்டாமா என்று. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லையே? நல்லது.

தலைப்பு என்ன சொன்னீர்கள்? 'முடிவெடுக்கும் கலை.' ம்.

முப்பத்தோரு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பம்ப் கம்பெனி. கோயம்புத்தூரில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு பம்ப் கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். அவர் அப்பா காலத்தில் ஓட்டுக் கொட்டகையில் ஆரம்பித்தது. நான் சேரும்போது நானூறு பேர் வேலை செய்தார்கள்.

பெரியவரிடம் ஒரு பழக்கம். கூட்டத்தில் எதையும் முடிவு செய்ய மாட்டார். சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். நாங்கள் ஏழெட்டு மேனேஜர்கள் சுற்றி உட்கார்ந்து கத்துவோம். அவர் முன்னால் ஒரு நோட்டு இருக்கும், மூடியே இருக்கும். எல்லாரும் கத்தி ஓய்ந்ததும் அந்த நோட்டின் மேல் இரண்டு விரலால் தட்டி, "பாக்கலாம்" என்பார். அவ்வளவுதான் கூட்டம். யாரும் எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் பேனாவை எடுத்தார். "என்னப்பா, கோர்ட்டா இது?" என்று கேட்டார் பெரியவர். அவர் பேனாவை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரவர் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பச்சை மையில் ஒரே வரி. 'புது லேத் வாங்க வேண்டாம்.' 'இரண்டாவது ஷிப்டு நிறுத்தவும்.' அதற்கு மேல் கேள்வி கிடையாது.

சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன நடக்கிறது? பெரியவர் பொள்ளாச்சிப் பக்கம் தன் தோட்டத்துக்குப் போகிறார். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த அம்பாசடரின் பின்சீட்டில், எப்போதும் இடது பக்கம், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மச்சினனோடும் ஆடிட்டரோடும் போனில் பேசுகிறார். முடிவெல்லாம் அங்கேதான். முன்சீட்டில் ஒரு மனிதர் வண்டி ஓட்டுகிறார்.

அவர்தான் ஆறுச்சாமி.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வராது. எங்கள் பிழைப்பு அது. திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பெரியவரை இறக்கிவிட்டு ஆறுச்சாமி எதிர்ப் பேக்கரிக்கு டீ குடிக்க வருவார். சீட்டு மேஜைக்கு வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தில் அவர் பக்கத்தில் இடம் பிடிக்க மேனேஜர்கள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் டீ சொல்வார், ஒருத்தர் தேங்காய் பன் சொல்வார். எல்லாரும் பி.இ. படித்தவர்கள்.

நான் உட்பட. அதை மறைக்கவில்லை.

ஆறுச்சாமி அளந்து பேசுகிற ஆள். எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏனுங் சார்?" என்று இன்னொரு தரம் சொல்ல வைப்பார். பிறகுதான் ஒரு "ஆமாங்க", இல்லாவிட்டால் "அப்பிடித்தானுங்க". எவ்வளவு பொறுப்பான மனிதர், வார்த்தையை அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் எவ்வளவு யோசிக்கிறார் என்று நினைப்பேன். பெரியவர் அவரோடு வண்டியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். நிறுத்த வேண்டுமென்றால் சுருட்டிய நியூஸ்பேப்பரால் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முதலாளித் திமிர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பேக்கரிக்கு வராதவர் ஒரே ஒருத்தர். ஞானதுரை.

ஃபவுண்டரி அவர் பொறுப்பு. இரும்பை உருக்கி பம்ப் பாடி ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. அதைக் கடைந்து, கோத்து, சோதித்து அனுப்புவது என் வேலை. சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் கணபதியில் ஒரே அறையில் மூன்று வருஷம். அவர் சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். கோயம்புத்தூர் வந்து இருபது வருஷம் ஆகியும் அந்த ஊர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. "என்னவே சென்னியப்பா, ஜே.எம்.டி. என்ன சொல்லுதாரு?" என்பார். ஜே.எம்.டி., அதாவது ஜாயிண்ட் எம்.டி. என்றால் ஆறுச்சாமி. "கம்பெனிக்கு எம்.டி. பெரியவரு, ஜே.எம்.டி. ஆறுச்சாமி. நீருல்லாம் அவருக்கு பன்னு வாங்கிக் குடுக்குத டிபார்ட்மெண்டு."

"உனக்கென்னப்பா, நீ தைரியசாலி" என்பேன்.

"தைரியமும் இல்ல ஒண்ணும் இல்லவே. காலைல எனக்கு டீ ஒத்துக்கிடாது."

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

வடக்கே ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு அறுநூறு பம்ப். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனுப்பியாக வேண்டும். தீபாவளிக்குள் எங்கள் இரண்டு பேரில் ஒருவரை ஜி.எம். ஆக்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மார்ச் நடுவில், யாரும் எதிர்பார்க்காத மழை மூன்று நாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஞானதுரை எழுந்து நின்றார். வழக்கமாக எழுந்து நிற்க மாட்டார்.

"மணல் அச்சு காயலை சார். இந்த ஈரத்துல ஊத்துனா இரும்புக்குள்ள குமிழ் நிக்கும். வெளிய பாத்தா தெரியாது, பாடி வழுவழுன்னுதான் இருக்கும். நாலு நாள் குடுங்க."

நாலு நாள் தள்ளினால் மார்ச் போய்விடும். நான் சொன்னேன், "ஏதாவது இருந்தா டெஸ்டிங்ல புடிச்சுக்கலாம் சார்."

ஞானதுரை என்னைப் பார்த்தார். "புடிச்சிருவீரா வே?"

"புடிச்சுடுவோம்."

பெரியவர் நோட்டைத் தட்டினார். "பாக்கலாம்."

திங்கட்கிழமை ஞானதுரை மேஜையில் சீட்டு. 'ஊற்றவும்.'

டெஸ்டிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது முக்கியம். பம்ப் பாடிக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி இரண்டு நிமிஷம் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். இரும்புக்குள் நுண்ணிய ஓட்டை இருந்தால் மேலே வியர்வை மாதிரி ஒரு முத்துத் தண்ணீர் வரும். உடனே வராது. ஒரு நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம் கழித்து வரும். அந்த இரண்டு நிமிஷமும் ஒரு ஆள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் யாரும் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "அரை நிமிஷம் போதும், பாத்துப் பாத்து அனுப்புங்க" என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன். ரிஜிஸ்டரில் பழையபடி 'இரண்டு நிமிடம்' என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். மார்ச்சில் எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான். நியாயப்படுத்தவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

அறுநூறும் போயிற்று. முப்பதாம் தேதியே போயிற்று. எல்லாருக்கும் லட்டு.

ஜூனில் கடிதம் வந்தது. இருநூற்றுப் பதினாலு பம்பில் கசிவு. படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு ஊரில் தண்ணீர் திறப்பு விழா அன்றைக்கே பாடி வெடித்திருக்கிறது. பெரியவர் அந்தக் கூட்டத்தில் நோட்டைத் தட்டவில்லை. "சென்னியப்பா, என்ன நடந்துச்சுன்னு நீ எழுதிக் குடு" என்றார். எழுந்து போய்விட்டார்.

ஏன் என்னிடம் சொன்னார்? நான் நன்றாக எழுதுவேன். அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த ரிப்போர்ட்டை இரண்டு விதமாக எழுதலாம் சார். ஈர மணலில் ஊற்றியதால் குமிழ் விழுந்தது. இது உண்மை. சோதிக்க வேண்டிய நேரம் சோதிக்காததால் குமிழ் வெளியே போயிற்று. இதுவும் உண்மை. இரண்டையும் எழுதினால் முழு உண்மை. அதற்கு மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்: ஊற்ற வேண்டாம் என்று சொன்னவன் ஞானதுரை, பிடித்துவிடலாம் என்று சொன்னவன் நான். கூட்டத்தில் சொன்னது எதுவும் எழுத்தில் இல்லை. நான் எழுதினால்தான் எழுத்து.

இரண்டு நாள் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. பெரியவர் மனசில் என்ன இருக்கிறது? உங்கள் புத்தகத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். எங்கள் ஊரில் பேக்கரி என்று பெயர்.

திங்கட்கிழமை போனேன். ஆறுச்சாமி தனியாக நின்றுகொண்டிருந்தார். டீ சொன்னேன், தேங்காய் பன் சொன்னேன். பேக்கரியில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, வெளியே அவினாசி ரோடு. "ஏப்பா ஆறுச்சாமி, ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்காரு, கேட்டிருப்பே" என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நானும் ஏதோ சொன்னேன், அது முக்கியமில்லை. பிறகு அவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார், "ஞானதுரை சாரை வெச்சு இனி ஓட்ட முடியாதுன்னு பெரியவரு சொன்னாருங்க."

இதுதான் அந்த வாக்கியம். இதை வைத்துத்தான் நான் ஏழு வருஷம் தூங்கினேன்.

யோசித்துப் பாருங்கள். பெரியவர் முடிவு செய்துவிட்டார். ஞானதுரை போகப் போகிறார். நான் என்ன எழுதினாலும் போகப் போகிறார். அப்படியிருக்கும்போது அந்த மூன்றாவது வரியை எழுதி நானும் ஏன் கூடவே போக வேண்டும்? இரண்டு பேரும் போனால் கம்பெனியை யார் பார்ப்பது? இப்படித்தான் யோசித்தேன். தவறா? உங்கள் வகுப்பில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள்.

நாலு பக்கம் எழுதினேன். கசிந்த பாடிகளைக் குறுக்கே அறுத்துப் படம் எடுத்து ஒட்டினேன். தேன்கூடு மாதிரி இருந்தது. மணலின் ஈரத்துக்கு ஒரு வரைபடம். சோதனை பற்றி ஒரே ஒரு வரி: 'பதிவேட்டின்படி ஒவ்வொரு பாடியும் இரண்டு நிமிடம் சோதிக்கப்பட்டுள்ளது.' பதிவேட்டின்படி. ஒரு பொய்கூட எழுதவில்லை சார். இன்றைக்கும் அந்த நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒரு பொய்யைக் காட்டுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை ஞானதுரை மேஜையில் சீட்டு. 'ஃபவுண்டரிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஸ்டோர்ஸில் சேரவும்.' நாற்பத்திரண்டு வயதில், போல்ட்டு நட்டு எண்ணப் போகச் சொல்கிறார்கள். அவர் போகவில்லை. ராஜினாமா எழுதிவிட்டு என் அறைக்கு வந்தார். கையில் அவருடைய மஞ்சள் ஹெல்மெட். அதை என் மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"ரிப்போர்ட்டப் படிச்சேன் வே. நல்லா எழுதியிருக்கீரு. படம்லாம் நல்லா வந்திருக்கு."

நான் அந்த ஹெல்மெட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கீரே. உம்ம வாட்சுல ரெண்டு நிமிஷம்னா எவ்வளவு வே?"

"பெரியவர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாரு ஞானதுரை. நான் எழுதினதுல ஒண்ணும் இல்லை."

"யாரு சொன்னா?"

என் கண் ஜன்னல் வழியே எதிர்ப் பேக்கரிப் பக்கம் போனது. அவரே கண்டுபிடித்துவிட்டார். சிரித்தார். அவருக்குச் சிரித்தால் வயிறு குலுங்கும், அன்றைக்கும் குலுங்கியது. "ஜே.எம்.டி.யா? சரி வே. அப்போ என் சீட்டுல கையெழுத்துப் போட்டவரு பெரிய ஆளுதான்."

போய்விட்டார். ராஜ்கோட்டில் ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை, இரண்டு பெண்கள் படிப்பு, அதனால் குடும்பம் இங்கே, அவர் அங்கே. அதுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பா முந்திரிக்கொத்து வரும். அந்த வருஷம் டிசம்பர் இருபத்தாறாம் தேதி என் மனைவி கேட்டாள், "இந்தத் தடவை ஏன் வரலைங்க?" கம்பெனி வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையோ என்னவோ.

தீபாவளிக்கு முன்பே நான் ஜி.எம். ஆகியிருந்தேன். இரண்டு வருஷத்தில் ஃபவுண்டரியை மூடினோம், வார்ப்பை வெளியே வாங்கிக்கொண்டோம். அறுபது பேர். அதற்கும் நான்தான் எழுதினேன், அதுவும் நல்ல ரிப்போர்ட். அங்கே பாருங்கள், சுவரில், 'சிறந்த முடிவெடுக்கும் திறன்' என்று ஒரு சங்கம் கொடுத்த பலகை. தூசி தட்டுவதில்லை.

அந்த ஏழு வருஷமும் மனசு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்தவில்லை சார். அதுதான் விஷயம். அந்த வாக்கியம் இருந்ததே. முடிவு பின்சீட்டில் எடுக்கப்பட்டது. நான் வெறும் டைப்பிஸ்ட்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர் பொறுப்பைப் பையனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். எங்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேட்டி கொடுத்தார். என் முறை வந்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் பேசினார். திடீரென்று, "அந்தத் திருநெல்வேலிக்காரன்" என்றார்.

"ஞானதுரைங்களா?"

"அவன்தான். அவனைத்தான் ஜி.எம். ஆக்கறதா இருந்தேன். கூட்டத்துல எந்திரிச்சு நின்னு வேண்டாம்னு சொல்றவன் அவன் ஒருத்தன்தான். நீ அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்த பின்னால நான் என்ன பண்றது? கூட இருந்தவனே எழுதறானே, அப்பறம் என்ன இருக்குதுன்னுதான் சீட்டு எழுதினேன்." வேட்டியை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்க."

எனக்கு வாய் வரை வந்தது, 'நீங்கதானே வண்டியில...' என்று. எப்படிக் கேட்பது? கேட்டால், உங்கள் டிரைவரிடம் வேவு பார்த்தேன் என்று ஆகாதா? வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். இதுவரை கட்டவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒருவேளை பெரியவர் கைகழுவப் பார்க்கிறாரோ. முதலாளிகள் அப்படித்தானே, பழி எப்போதும் எழுதிக் கொடுத்தவன் தலையில். அப்படியானால் ஆறுச்சாமி சொன்னது சரி. இல்லை, பெரியவர் சொல்வது நிஜமென்றால், ஆறுச்சாமி சொன்னது? ஆறுச்சாமி எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஒரு பன்னுக்காகவா? இந்தப் பக்கம் நாலு நாள், அந்தப் பக்கம் நாலு நாள் என்று எட்டு வருஷம் ஆடினேன். ஸ்டோர்ஸ் மேனேஜர் ஒருவர் நினைவுக்கு வருவார். உங்களை நீக்கப் போகிறார்கள் என்று ஆறுச்சாமி சொன்னதாக அவசர அவசரமாக வேறு வேலை தேடிக்கொண்டு போனார். அவர் போனதும் பெரியவர், "நல்ல மனுசன், ஏன் போனான்?" என்று எல்லாரிடமும் கேட்டார். அப்போது அதை நடிப்பு என்று நினைத்தோம்.

பெரியவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். மிச்சம் ஆறுச்சாமி. அன்னூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். இங்கிருந்து நாற்பது நிமிஷம். எட்டு வருஷமாக நாற்பது நிமிஷம் கிடைக்கவில்லை.

ஞானதுரையிடமே பேசியிருக்கலாமே என்கிறீர்களா? அவர் நம்பர் இருக்கிறது, பாருங்கள், இதோ. அவரிடம் கேட்க என்ன இருக்கிறது சார்? அவர் வண்டியில் இல்லையே.

நீங்கள் போன வாரம் போன் செய்தீர்கள். கடினமான முடிவு ஒன்று, எப்படி எடுத்தீர்கள் என்று. போனை வைத்த பிறகு நான் இந்தக் கதையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், மேடையில் சொல்வது மாதிரி. 'பிறகு அவர் சொன்னார்' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் என்ன நடந்தது? அந்த இடத்தில் படம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

மகள் இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறாள். வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி உள்ளே தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், முதுகு என் பக்கம். "ஆறுச்சாமி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

மகள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். "கூப்புட்டாக் கேக்காதுங்க சார். மின்னாடி போயி நில்லுங்க. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்க."

"வயசாச்சில்ல" என்றேன்.

"வயசுக்கென்னங்க, அது எப்பவோ போனதுங்க. உங்க கம்பெனிக்கு வரதுக்கு மின்னாடி கல் குவாரியில டிப்பர் ஓட்டிட்டு இருந்தாங்க. வெடி வெச்சுப் போனது. இடது காது சுத்தமா இல்லீங்க. சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் கேக்கும், கிட்டக்க குனிஞ்சு சொன்னா."

இடது காது. பெரியவர் உட்காருவது பின்சீட்டில் இடது பக்கம்.

"கம்பெனியில யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"பெரியவருக்குத் தெரியுமுங்க. சேந்த மொத மாசமே கண்டுபுடிச்சுட்டாராமா. வேலை போச்சுன்னு எங்கப்பா அழுதுட்டு நின்னாங்களாம். 'எதுக்கய்யா அழுவறே, இப்படி ஒரு ஆளைத்தான் நான் தேடிட்டிருந்தேன்'னாராம்." அவளுக்கு அது சிரிப்பான கதை. சிரித்தாள்.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்திருப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளுக்குள் ஒரு குரல், சோத்துக்கைப் பக்கம் கேட்குமே, பெரியவர் சில சமயம் போனில் கத்துவாரே, அப்படி ஏதாவது காதில் விழுந்திருக்கலாமே என்றது. இன்னும் அந்தக் குரல் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "வாங்க சார், வாங்க. நல்லா இருக்கீங்ளா? டீ போடச் சொல்லட்டுங்களா?" என்று கத்தினார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. கம்பெனியில் ஒரு நாளும் கத்தியதில்லை. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்.

"ஞானதுரை ஞாபகம் இருக்கா?" என்றேன், வாயைப் பெரிதாகத் திறந்து.

"ஆமாங்க."

"அன்னைக்குப் பேக்கரியில, பெரியவர் சொன்னதா ஒண்ணு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

என் முகத்தையே பார்த்தார். அதே பார்வை. நெற்றியில் இருந்து கண், கண்ணிலிருந்து வாய். பதினைந்து வருஷம் நான் பொறுப்பு என்று நினைத்த பார்வை. "ஆமாங்க" என்றார்.

"பெரியவர் நெசமாவே அதைச் சொன்னாரா?"

"அப்பிடித்தானுங்க."

"இல்ல, சொல்லலியா?"

"ஆமாங்க சார், சொல்லலீங்க." என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார். கையில் உரித்த வெங்காயம் ஒன்று அப்படியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எட்டு வருஷமாகச் சுமந்துகொண்டு வந்த கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. என் முகத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் அவர் திருப்பிக் கொடுப்பார். ஆமாம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக ஒன்றைக் கேட்க வேண்டும். இதை வேண்டுமானால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முப்பத்தோரு வருஷத்தில் கூட்டத்திலும் பேக்கரியிலும் அப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

எழுந்து அவருக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். மகளைக் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். என் முகம் அவருக்குத் தெரியாதபடி, அந்த நல்ல காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன்:

"ஆறுச்சாமியண்ணா, அன்னைக்கு நீங்க அதைச் சொல்றதுக்கு முன்னாடி, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"